பால் தள்ளிச்சு

சிரிப்பதற்கு ஊருக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டால் போதும், அது தேய்ந்து போகும்வரை விடமாட்டார்கள். டீக்கடையில் எவனாவது கை தவறிக் கிளாசைக் கவிழ்த்தால், "என்னலே, பால் தள்ளிச்சா?" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் வரிசையில் முன்னால் நிற்பவனை இடித்துவிட்டு, "நான் இல்ல சார், பால் தள்ளிச்சு" என்று பிள்ளைகள் இளிக்கும். அந்தச் சொல்லை முதலில் சொன்னவர் ஜான்ரோஸ். போலீசிடம் சொன்னார், வக்கீலிடம் சொன்னார், துக்கம் விசாரிப்பதுபோல வேடிக்கை பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பிறகு அவர் சொல்வதை நிறுத்திக்கொண்டார். ஊர் நிறுத்தவில்லை.

அவர் பெண்டாட்டி சத்தியபாய்க்கு அந்தச் சிரிப்பைக் கேட்டால் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். "உங்க வீட்டுல எழவு விழட்டு மக்கா, நானும் வந்து பல்லைக் காட்டுகேன்" என்று டீக்கடை வாசலிலேயே ஒருமுறை நின்று சொன்னாள். ஜான்ரோஸ் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர் அவர். ரோட்டில் எதிரே வரும் எல்லா வண்டிக்கும் ஒதுங்கிக் கொடுத்தே ஆயுளை ஓட்டியவர்.

அவர் ஓட்டியது ரப்பர் பால் டாங்கர். திற்பரப்பைச் சுற்றியுள்ள தோட்டங்களில் காலையில் வெட்டியெடுக்கும் பாலை, உறைந்துபோகாமல் அமோனியா ஊற்றி, அங்கங்கே நின்று ஏற்றி, கருங்கலுக்கு அப்பால் ஒரு கம்பெனியில் கொண்டுபோய் இறக்க வேண்டும். வண்டி ராஜகுமாருடையது. ராஜகுமார் சபையில் கமிட்டிச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகக் காணிக்கைப் பை எடுப்பவர். சத்தியபாய்க்குத் தூரத்து உறவில் தம்பி முறை. அவளை அக்கா என்றும் ஜான்ரோசை அத்தான் என்றும் வாய் நிறையக் கூப்பிடுவார்.

டாங்கர் என்றால் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஓர் உருண்டைத் தொட்டி, அவ்வளவுதான். உள்ளே குறுக்காகத் தடுப்புத் தகடுகள் நிற்க வேண்டும். நடுவில் ஓர் ஆள் நுழைந்து போகும் அளவுக்கு வட்ட ஓட்டை இருக்கும். பால் மொத்தமாக ஒரு பக்கம் பாயாமல் தடுப்பது அந்தத் தகடுகள்தான். தொட்டி நிறைந்திருந்தால் பால் ஆட இடமில்லை. காலியாக இருந்தால் ஆடுவதற்குப் பாலே இல்லை. பாதி வண்டிதான் எமன். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும், பால் நிற்காது. முன்னால் போய் மோதும், திரும்பிப் பின்னால் போகும், மறுபடியும் ஓடி வரும். பாதித் தண்ணீர் உள்ள வாளியோடு வேகமாக நடந்து சட்டென்று நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். வாளி நம் காலை நனைப்பதோடு விட்டுவிடும்.

ஆனால் ரப்பர் பாலுக்குத் தகடு என்றால் கொண்டாட்டம். ஒட்டிக்கொள்ள ஒரு மூலை கிடைத்தால் போதும், அங்கே உறைந்து கெட்டித்துத் தோல்மேல் தோலாக வளரும். வாரந்தோறும் ஒருவன் மேல் மூடி வழியாக உள்ளே இறங்கி, கத்தியால் அதை உரித்தெடுக்க வேண்டும். உள்ளே அமோனியா நெடி மூக்கைப் பிய்க்கும். வெளியே வருகிறவனின் கண் கோவைப்பழமாக இருக்கும். இந்த வேலைக்கு ஒருமுறை வந்தவன் மறுமுறை வரவில்லை. ராஜகுமார் யோசித்தார். ஒருநாள் பட்டறைக்காரனைக் கூப்பிட்டு, தகடுகளை அறுத்து வெளியே போட்டுவிட்டார். தொட்டி வழவழவென்று ஆயிற்று. பைப்பை விட்டு ஒரு அடி அடித்தால் கழுவி முடிந்தது.

"தம்பி, இது ஆபத்தாக்கும். வளைவுல வண்டி சொன்ன பேச்சு கேக்காது" என்று ஜான்ரோஸ் சொன்னார்.

"மெதுவா ஓட்டுங்க அத்தான்" என்றார் ராஜகுமார்.

மெதுவாகத்தான் ஓட்டினார். மழைக்காலம், ரப்பர் வெட்டு சரியாக நடக்கவில்லை, தொட்டியில் பாதி பால். அருவிக்கு இறங்கும் சரிவில், தூறலில், குளிக்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக ரோட்டைக் கடந்தார்கள். ஜான்ரோஸ் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. எல்லோரும் ஒரே ஓட்டமாகக் கடந்துவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் ஓரத்தில் தயங்கி நின்றாள். ஜான்ரோஸ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, போ மக்கா என்று கை காட்டினார். அவள் சிரித்துக்கொண்டு இறங்கி நடந்தாள். அப்போதுதான் பின்னால் போயிருந்த பால் திரும்பி வந்தது. அவர் கால் பிரேக்கின்மேல்தான் இருந்தது, உடம்பு முழுவதையும் அதன்மேல்தான் வைத்திருந்தார். ஈரத் தாரில் சக்கரம் சுழலாமலே வழுக்கிக்கொண்டு போயிற்று. ஓர் ஆள் நிற்கும் தூரம்தான். அங்கே ஓர் ஆள் இருந்தது.

பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. வண்டி நின்றது, டிரைவர் கை காட்டினான், பிறகு ஏற்றினான் என்றார்கள். நின்ற வண்டி தானாகப் போகும் என்று யார்தான் நம்புவார்கள்?

வண்டியைப் போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் கொண்டு நிறுத்தினார்கள். உள்ளே இருக்கும் பால் உறைந்து நாறும், இறக்கிவிட்டுத் தருகிறேன் என்று ராஜகுமார் அனுமதி வாங்கி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பால் இறங்கியது. தகடுகள் ஏறின. பரிசோதனைக்கு வந்த அதிகாரி பிரேக்கைப் பார்த்தார், டார்ச் அடித்துத் தொட்டியைப் பார்த்தார், வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

ஜாமீனில் வந்திருந்த ஜான்ரோசைப் பார்க்க ராஜகுமார் வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சத்தியபாய் கொடுத்த கட்டஞ்சாயாவை ஊதி ஊதிக் குடித்தார்.

"அத்தான், வண்டியில ஒரு குத்தமும் இல்லைன்னு எழுதியாச்சு. இனியும் நீங்க பால் தள்ளிச்சுன்னு நின்னா ஜட்ஜே சிரிச்சிருவாரு."

"தகட்டை எப்பம் வச்சே?" என்று கேட்டார் ஜான்ரோஸ்.

"வச்சாச்சுல்லா. அதுதானே வேணும்."

சத்தியபாய்க்குப் பொறுக்கவில்லை. "நீ அறுத்துப் போட்டுட்டு, பிள்ளை செத்த பிறகு கொண்டு ஒட்டிவச்சிருக்க. நான் கோர்ட்டுல வந்து பறைவேன்."

"பறையுங்க அக்கா, யாரு வேண்டாம்னா? கேஸ் இழுக்கும். நான் வண்டியை வித்துருவேன். நம்ம டெனிஷை அதுல டிரைவரா போடலாம்னு ஒரு நினைப்பு இருந்தது. அதுவும் போவும். பிரேக்கை விட்டுட்டேன்னு அத்தான் ஒத்துக்கிட்டா கொஞ்ச மாசத்துல முடிஞ்சிரும்."

டெனிஷ் அவர்களுடைய ஒரே மகன். கல்ஃபில் கம்பெனி மூடிவிட, ஊருக்கு வந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டு கிடந்தான். ராஜகுமாருக்கு யாரை எங்கே பிடித்தால் வலிக்கும் என்று தெரியும். சபையை நடத்துகிறவர் அல்லவா?

ஜான்ரோஸ் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையைத்தான் அவர் அன்று காட்டியது. "ஒத்துக்கிடுகேன்" என்றார். "ஆனா ஒண்ணு. அந்தத் தகட்டை இனி எடுக்கப்பிடாது. எவன் ஓட்டினாலும் எடுக்கப்பிடாது."

"கர்த்தர் அறிய எடுக்கமாட்டேன்" என்றார் ராஜகுமார். டிவிப் பெட்டிக்கு மேல் இருந்த வேதபுத்தகத்தின்மேல், யாரும் கேட்காமலே, கையை வைத்தார்.

அவர் போனதும் சத்தியபாய் புருஷன்மேல் பாய்ந்தாள். "உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? செய்யாத குத்தத்துக்கு எதுக்கு ஜெயிலுக்குப் போகணும்?"

"நான்தானே கை காட்டினேன், ஏட்டி. அந்தப் பிள்ளை ஓரமா நின்னுட்டுதான் இருந்தது. நான்தான் போன்னு சொன்னேன்." எழுந்து கதவைச் சாத்திவிட்டு, "இப்பம் பேசினது ஒண்ணும் டெனிஷ்கிட்ட பறையாண்டாம். தெரிஞ்சா அந்த வண்டியில கேறமாட்டான்" என்றார்.

குற்றத்தை ஒப்புக்கொண்ட அன்று கோர்ட் வராந்தாவில் ஒருவர் வந்து சத்தியபாய் பக்கத்தில் நின்றார். நெற்றியில் திருநீறு, கையில் மடக்காத குடை. செத்துப்போன பெண் ஆதிராவின் அப்பா வள்ளிநாயகம். நாகர்கோவிலுக்குக் கிழக்கே வயல்காட்டு ஊர்.

"நான் சண்டை போட வரல்லம்மா" என்றார். "ஒண்ணே ஒண்ணு தெரியணும். நின்ன வண்டி எப்படிம்மா போச்சு? குடிச்சிருந்தாரா? இல்ல, பிள்ளையளைப் பயங்காட்டி வெளையாடினாரா? எதுன்னாலும் சொல்லு. தெரிஞ்சா எனக்கு ஒறக்கம் வரும்."

சத்தியபாய்க்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே ஜான்ரோஸ் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்று, வேண்டாம் என்று தலையசைத்தார்.

"தெரியாது அண்ணாச்சி" என்றாள்.

வள்ளிநாயகம் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு, "வீட்டுக்காரிக்கே தெரியல்லன்னா பிறகு யாருக்குத் தெரியும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார். குடையிலிருந்து வடிந்த தண்ணீர் வராந்தா முழுக்கக் கோடு போட்டிருந்தது. அந்தப் பதிலைச் சொன்ன வாயைச் சத்தியபாய் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஜான்ரோஸ் உள்ளே போய்விட்டு வந்தார். லைசென்ஸ் போயிற்று, முடி நரைத்துப் போயிற்று. டெனிஷ் அதே டாங்கரை ஓட்டினான். வண்டிக்குப் புதுப் பெயிண்ட், முகப்பில் 'இயேசு நடத்துவார்' என்று புது எழுத்து. மகனிடம் ஜான்ரோஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தகடு இருக்கா மக்கா?" "இருக்குப்பா." அதைக் கேட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும்.

அடுத்த மழைக்காலத்தில் ராஜகுமார் வீட்டில் புதுக் கார்ஷெட்டுக்கு ஜெபக்கூட்டம் வைத்தார்கள். ஜான்ரோஸ் போகவில்லை. போகாவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று சத்தியபாய் மட்டும் போனாள். கேட்டருகே ஓடையின்மேல் இரும்புத் தகடுகளைப் பரப்பிப் பாதை போட்டிருந்தார்கள். மிதித்துப் போகும்போது அவள் செருப்பு ஒரு பெரிய வட்ட ஓட்டையின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. குனிந்து எடுத்தாள். எடுத்தவள் நிமிரவில்லை.

வளைந்த விளிம்பு, நடுவில் வட்ட ஓட்டை. விளிம்பில் பழைய அறுப்பு, அதன்மேல் பற்றவைத்த தழும்பு, அந்தத் தழும்புக்கு மேலே பளபளவென்று புது அறுப்பு. ஓர் ஓரத்தில் காய்ந்த ரப்பர் தோல் இன்னும் ஒட்டியிருந்தது. அடுத்த தகட்டின் ஓட்டையில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டியை இறக்கி வைத்திருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது.

உள்ளே போய்ப் பெண்களோடு பாயில் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்து, அவரவர் எழுந்து சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஒருத்திக்கு மகனுக்கு விசா கிடைத்திருந்தது. ஒருவருக்குச் சர்க்கரை குறைந்திருந்தது. எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். சத்தியபாய் எழுந்தாள்.

"எனக்கும் ஒண்ணு பறையணும். வெளியே ஓடை மேல கிடக்கே, நீங்க எல்லாரும் மிதிச்சிட்டு வந்திருக்கிய, அது டாங்கருக்குள்ள நிக்கவேண்டிய தகடு. அதை இனி எடுக்கமாட்டேன்னு இவரு எனக்க வீட்டுல வேதபுத்தகத்துல கை வச்சுச் சொன்னாரு. அதை நம்பித்தான் எனக்க வீட்டுக்காரரு ஜெயிலுக்குப் போனாரு. அந்தப் பிள்ளையைக் கொன்னது அவருக்க காலு இல்ல. தகடு இல்லாத தொட்டி."

போதகர் வேதபுத்தகத்தில் ஏதோ வசனத்தைத் தேடுவதுபோலப் பக்கம் புரட்டினார். பின்வரிசையில் யாரோ, "பால் தள்ளிச்சு" என்று முணுமுணுக்க, இன்னொருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். ராஜகுமாரின் மனைவி ஜெபகுமாரி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள். "அக்காவுக்கு மனசு சரியில்ல. இருங்கக்கா, சாயா குடியுங்க."

ராஜகுமார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அக்கா, நான் வாக்கு மாறல்ல" என்றார் மெல்ல. "தகட்டை எடுத்துத் தாங்கன்னு என் காலைப் பிடிச்சது யாருன்னு உங்க மோன்கிட்டயே கேளுங்க."

சாயாத் தட்டோடு கதவருகே நின்ற டெனிஷின் முகம் சுருங்கிவிட்டது. தட்டை வைத்துவிட்டு, அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனான். அந்தத் தகட்டின்மேலேயே நின்றுகொண்டு கத்தினான்.

"ஆமா, நான்தான் எடுக்கச் சொன்னேன். வாராவாரம் உள்ள கேறி ரப்பர் உரிக்கது யாரு? நீ கேறுவியா? ஒருநாள் உள்ளேயே மயங்கிக் கிடந்தேன், தெரியுமா உனக்கு? மாமா பாவம்னு நினைச்சு அறுத்துத் தந்தாரு. அவருக்க வீட்டுல வந்து நின்னு அவரையே நாறடிக்க."

"உங்கப்பா எதுக்குலே ஜெயிலுக்குப் போனாரு?"

"பிரேக்கை விட்டாரு, போனாரு. கோர்ட்டுல அவரே ஒத்துக்கிட்டாருல்லா? தகட்டுக்காக எவனாவது ஜெயிலுக்குப் போவானாம்மா? நானும் அதே வண்டியைத்தான் ஓட்டுகேன். நிக்கணும்னு மிதிச்சா நிக்கும். இனி அந்தக் கதையை எங்கிட்ட எடுக்காண்டாம்."

ஊர் சிரித்தபோதெல்லாம் சத்தியபாய்க்குக் கோபம்தான் வந்திருக்கிறது. இப்போது முதன்முறையாக அழுகை வந்தது. ஊரோடு ஊராகத் தன் வயிற்றில் பிறந்தவனும் இத்தனை நாள் நம்பாமல்தான் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறான். "தகடு இருக்குப்பா" என்று அவன் சொன்ன பொய்கூட, கிறுக்குப் பிடித்த தகப்பனைச் சமாதானப்படுத்தச் சொன்னதுதான்.

வீட்டுக்கு வந்து ஜான்ரோசிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் ஏற்படவில்லை. மறுநாள் காலை நல்ல மழை. அவர்கள் வீட்டுக்கு முன்னால் ரோடு சரிந்து இறங்கும், எதிர்ப்பக்கம் பள்ளிக்கூட வேன் நிற்கும் இடம். டெனிஷின் டாங்கர் பாதிப் பாலோடு மேலேயிருந்து வந்து, பிள்ளைகளைப் பார்த்ததும் பிரேக் பிடித்து நின்றது. தொட்டிக்குள் 'தொம்' என்று ஒரு சத்தம். தகடு இருந்தால் அந்தச் சத்தம் வராது, அங்கங்கே சலசலத்து அடங்கிவிடும். வாசலில் வேப்பங்குச்சியோடு நின்ற ஜான்ரோஸ் அதைக் கேட்டார். கண்ணாடிக்குப் பின்னால் டெனிஷ் பிள்ளைகளைப் பார்த்து, போங்க என்று கை காட்டுவதையும் பார்த்தார்.

"போகாண்டாம்!" என்று அலறிக்கொண்டு ஓடினார். ரோட்டில் இறங்க இருந்த பிள்ளைகளுக்கும் வண்டிக்கும் நடுவே போய், இரண்டு கையையும் விரித்து நின்றார். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆள் யார் என்று மட்டும் தெரிந்தது. "பால் தள்ளிச்சு! பால் தள்ளிச்சு!" என்று குதித்தன. அந்தக் கூச்சலுக்கு நடுவே வண்டி முன்னால் வந்தது. ஒரு சாண் தூரம்தான். பம்பர் ஜான்ரோசின் வயிற்றில் வந்து முட்டி நின்றது. பிள்ளைகளில் ஒன்றுகூட அதைக் கவனிக்கவில்லை.

அலறல் கேட்டு ஓடிவந்த சத்தியபாய் மகனைப் பார்த்தாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இருக்கையிலிருந்து எழும்பி, முழு உடம்பையும் பிரேக்கின்மேல் வைத்து மிதித்துக்கொண்டிருந்தான். அப்பாவும் மகனும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் வேனில் ஏறினார்கள். டெனிஷ் ஹாரன் அடித்தான். ஜான்ரோஸ் எப்போதும்போல ஒதுங்கி வழிவிட்டார்.

அன்று சாயங்காலம் டெனிஷ் வந்து வாசலிலேயே நின்றான். அம்மாவின் முகத்தையோ அப்பாவின் முகத்தையோ பார்க்காமல், "தகட்டைத் திரும்ப வைக்கச் சொல்லி மாமாகிட்ட கேட்டேன்" என்றான். "வைக்கலாம், ஆனா உள்ள கேற ஒரு ஆளைக் கொண்டு வான்னு சொல்லிட்டாரு. ஒருத்தனும் வரமாட்டான்."

சத்தியபாய் காத்திருந்தாள். எனக்கு அன்று தெரியாமல் போயிற்றே அப்பா என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தாள். அவன் சொல்லவில்லை.

"நான் கேறுகேன்" என்றார் ஜான்ரோஸ்.

இப்போது வாரத்தில் ஒருநாள் ஜான்ரோஸ் கத்தியோடு தொட்டிக்குள் இறங்குகிறார். ஜெயிலுக்குப் போய்வந்தவனுக்கும் வேலை கொடுத்துக் காப்பாற்றுகிறவர் என்று சபையில் ராஜகுமாரைப் போதகர் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். தகடுகள் தொட்டிக்குள் ஏறிவிட, ராஜகுமார் வீட்டு ஓடைக்குக் கருங்கல் பலகை போட்டுவிட்டார்கள். அப்பா தொட்டிக்குள் இறங்கும் நேரத்தில் டெனிஷ் டீக்கடைப் பக்கம் போய்விடுவான்.

சத்தியபாய் தொட்டியின்மேல் ஏறி, மூடியைத் திறந்துவைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே இருட்டு. நெடி அவள் கண்ணையும் கரிக்கும். மயங்கி விழுந்துவிட்டாரோ என்ற பயத்தில் அடிக்கடி குனிந்து, "இஞ்சேருங்க" என்று கூப்பிடுவாள். வாயைத் திறந்தால் நெடி ஏறும் என்பதால் அவர் பதில் சொல்லமாட்டார். கத்தியால் தகட்டில் ஒரு தட்டுத் தட்டுவார்.